கேட்டால் சொல்லிவிடுவார்

நான் பழகியவர்களிலேயே துளிகூட நடிக்கத் தெரியாதவர், தாராவியில் பட்டன் கடை வைத்திருந்த அண்ணாச்சிதான். நாடகத்தின் மேல் அத்தனை பைத்தியமாக இருந்த ஒருவருக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை என்பது எனக்கு ஆச்சரியம். மும்பையில் நான் இருந்த பதினோரு நாட்களில் பாதி நேரம் அந்த ஆச்சரியத்திலும், மீதி நேரம் அவர் மேல் எரிச்சலிலும் கழிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் ஊரில் இருக்கும் அவருடைய தம்பிகள் சண்டைக்கு வருவார்கள். அவரிடம் கேட்டிருந்தால், "போடு, எனக்கென்ன" என்றிருப்பார். இரண்டு வருடம் முன்பு மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சரி என்றிருந்தாலும் எழுத எனக்குத் துணிச்சல் வந்திருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர். அப்பா காலமான பிறகு வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். எனக்கு இசை நாடகம் என்றால் உயிர். ஊரில் அதற்கு வழியில்லாததால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்பேசியிலேயே பார்ப்பேன். வெளிநாட்டு மேடைப் பாட்டுகள் முப்பது நாற்பது எனக்கு மனப்பாடம். பொருள் பாதிதான் புரியும். குளிக்கும்போது கையை விரித்துப் பாடுவேன். வெளியே நின்று கேட்ட அம்மா, நான் மதம் மாறிவிட்டேனோ என்று ஒரு வாரம் கவலைப்பட்டார்.

அந்த வருடம் மும்பைக்கு ஒரு பெரிய வெளிநாட்டு இசை நாடகம் வருகிறது என்று தெரிந்ததும் பதினோரு நாள் விடுப்பு எடுத்தேன். ஒரு சின்ன நோட்டில் திட்டம் போட்டேன். ஒன்று, வெளிநாட்டு நாடகம். இரண்டு, ஒரு மராத்தி சங்கீத நாடகம். மூன்றாவதாக எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. என்னைப் போன்ற ஆண்கள், ஆண்களை விரும்பும் ஆண்கள், ஒன்றுகூடி ஆடுகிற இடங்கள் அந்த நகரத்தில் இருக்கின்றன. முப்பத்து நான்கு வயதில் ஒரு தடவையாவது அங்கே போய் நிற்க வேண்டும். இதைத்தான் எழுத வேண்டும். நான் எழுதியது: 'மூன்று, மற்றவை.' அந்த நோட்டைத் திறந்து பார்க்க என்னைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது. ஆனாலும் அப்படித்தான் எழுதினேன்.

அம்மாவிடம் வங்கிப் பயிற்சி என்று சொன்னேன். அம்மா உடனே ஒரு முகவரி கொடுத்தார்.

"தாராவில நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான். எங்க பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்து வீடு. கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்ல. ஆனா வாயில பொய் வராது. அவன்கூடத் தங்கிக்க. நீ ஒழுங்காப் போறியா வாரியான்னு எனக்கும் தெரியும்."

அதாவது உளவாளி. நான் சரி என்றேன். எதற்கும் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு தப்பிக்கப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

கடை ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் இருக்கும். தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன டப்பாக்களில் பட்டன், ஜிப், லேஸ், சமிக்கி. நடுவில் வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒல்லியாக ஒருவர். ஐம்பது வயதிருக்கும். நான் போய் நின்றபோது ஒரு பெண் ரவிக்கைத் துணியை விரித்து, அதன் மேல் லேஸை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இது இதுக்கு நல்லாருக்குமா?"

"நல்லாருக்காது."

"அப்ப வேற எது நல்லாருக்கும்?"

"எதுவும் இருக்காதும்மா. துணியே சரியில்ல."

அவள் சிரித்துக்கொண்டே அந்த லேஸையே இரண்டு மீட்டர் வாங்கிப் போனாள். இந்த மனிதர் எப்படிக் கடை நடத்துகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சயானிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் அவரிடம் கேட்பதற்கென்றே வருகிறார்கள்.

நான் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பயிற்சியைப் பற்றி விளக்கினேன். புதிய கணினி முறை, மூன்று கட்டத் தேர்வு, டெல்லியிலிருந்து வரும் அதிகாரி என்று பத்து நிமிடம். நான் நாடகம் பார்த்த அனுபவம் அவ்வளவும் அதில் இருந்தது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"டிரெய்னிங்குக்கு எதுக்கு தம்பி பைனாகுலர்?"

பின் வரிசையில் டிக்கெட் எடுத்தவன் என்பதால் வாங்கிய பைனாகுலர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரயிலில் தொலைந்துவிடக் கூடாது என்று மாட்டிக்கொண்டது.

"நாடகம் பாக்க வந்தேன் அண்ணாச்சி. அம்மாகிட்டச் சொல்லிராதீங்க."

"நானாச் சொல்ல மாட்டேன். அக்கா கேட்டாச் சொல்லிருவேன். என்ன நாடகம்? அந்தக் கப்பல் நாடகமா? நானும் நாளைக்குப் போறேன்."

அதன் உடை அலங்காரப் பெண்மணி சமிக்கி வாங்குவது அவர் கடையில்தான். சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது பாதி உதிர்ந்துபோய், யாரோ சொல்லி இவரிடம் வந்திருக்கிறார். நாடகக்காரர்கள் இப்படி அவ்வப்போது பாஸ் கொடுப்பார்களாம். இருபது வருடமாக ஆங்கிலம், மராத்தி, குஜராத்தி என்று எதையும் விடாமல் பார்த்திருக்கிறார். செம்பூரில் வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட ஒரு சால் குடியிருப்பில் அவருக்கு ஓர் அறையும் சமையல் மேடையும் இருந்தன. சுவரில் சாமி படத்துக்குப் பதிலாகப் பழைய நாடக நோட்டீஸ்கள்.

மறுநாள் மாலை கண்ணாடியும் பளிங்குமாக இருந்த அரங்கத்துக்குப் போனோம். அவருக்கு முன்வரிசை, எனக்குக் கடைசி வரிசை. விளக்கு அணைவதற்குள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "முன்னாடி இருந்தா காலுதான் தெரியுது" என்றார்.

கடலில் காணாமல்போன அப்பாவைத் தேடி ஒரு பெண் கப்பலேறும் கதை. நீலத் துணியைக் கடலாக அலைய விட்டார்கள். வாத்தியங்கள் ஒன்றாக எழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் உள்ளங்கையளவு திரையில் பார்த்தது இவ்வளவு பெரிதா என்று கண்ணீர் வந்தது. அழுகிறேன் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும்படி கைக்குட்டையை எடுத்தேன். பிறகு என்னை மறந்து பாட ஆரம்பித்துவிட்டேன். முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, தான் டிக்கெட் எடுத்தது மேடையில் இருப்பவர்கள் பாடுவதைக் கேட்க என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

இடைவேளையில் அண்ணாச்சியிடம் கேட்டேன். "சத்தமாவா பாடிட்டேன்?"

"ஆமா. சுருதியும் சேரல."

நாடகம் முடிந்து வெளியே நின்றபோது உடை அலங்காரப் பெண்மணி, கதாநாயகியாக நடித்தவளையே கூட்டிக்கொண்டு வந்தார். ஆங்கிலப் புகழ்ச்சிச் சொற்கள் ஏழெட்டைத் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் அவள் அண்ணாச்சியைப் பார்த்து எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டாள்.

அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் இந்தியையும் கலந்து, "கப்பல் முழுகும்போது அழுதேன். நீங்க காதல் பாட்டு பாடும்போது தூங்கிட்டேன்" என்றார்.

நான் ஓர் அடி தள்ளி, இவரோடு வராதவனைப் போல நின்றுகொண்டேன். அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று கேட்டாள். "ரெண்டாவது சரணம்" என்றார் அண்ணாச்சி. அந்த இடத்தில்தான் தினமும் தனக்கு மூச்சு போதாமல் போகிறது என்றாள் அவள். பத்து நிமிடம் இருவரும் நின்று பேசினார்கள். என் சொற்களைக் கேட்க யாரும் வரவில்லை.

சனிக்கிழமை அம்மா கடைக்குப் போன் செய்தார். அண்ணாச்சி லேஸ் வெட்டிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, எங்க பய டிரெய்னிங்குக்கு ஒழுங்காப் போறானா?"

நான் கும்பிட்டேன். அவர் காலைத் தொடுவதுபோலக் குனிந்தும் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டிரெய்னிங்லாம் ஒண்ணும் இல்லக்கா. நாடகம் பாக்க வந்துருக்கான்."

அம்மா அடுத்த கேள்விக்குப் போனார். "தண்ணி கிண்ணி போடுதானா?"

"இதுவரைக்கும் இல்லக்கா."

"அப்ப லீவுலதான் இருக்கான்." அம்மா குரலில் திட்டு வரும் என்று பார்த்தால் தெம்பு வந்தது. "நல்லதாப் போச்சு. அங்கனயே கோபர்கைரனேல நமக்கு வேண்டியவங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு. மூணு மாசமாச் சொல்லிட்டிருக்காங்க. இவன் வேலை வேலைன்னு தட்டிக் கழிச்சான். புதங்கிழமை நீ கூட்டிட்டுப் போயி காட்டிரு தம்பி."

"அவனுக்கு இஷ்டமான்னு அவன்கிட்டயே கேளுங்கக்கா. இங்கனதான் நிக்கான்."

"ஏய்யா, போறியா?"

"சரிம்மா" என்றேன்.

போனை வைத்ததும் அண்ணாச்சி, "எதுக்குச் சரின்ன?" என்றார்.

"சும்மா போயி காப்பி குடிச்சிட்டு வந்துரலாம் அண்ணாச்சி."

"அந்தப் பிள்ள சும்மாவா உக்காந்துருக்கும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி லேஸை அளக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நோட்டில் இருந்த 'மற்றவை' அன்றைக்குத்தான். பாந்த்ராவில் ஒரு ஓட்டல் மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாலு மணிக்கு ஆட்டம் உண்டு என்று இணையத்தில் பார்த்து வைத்திருந்தேன். அதற்காகக் கறுப்புச் சட்டைக் காலரில் சமிக்கி வைத்து நானே தைத்திருந்தேன். அண்ணாச்சி கடையில் வாங்கினால் கேள்வி வருமென்று பக்கத்துக் கடையில் வாங்கினேன். கண்ணாடி முன்னால் நின்றபோது அவர் பின்னால் வந்து காலரைத் தடவிப் பார்த்தார்.

"இது நம்ம கடைச் சரக்கு இல்லையே. உதிருமே. எங்க போற?"

"கூட வேலை பாக்கவரோட தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் அண்ணாச்சி. பாந்த்ராவுல."

"பாந்த்ராவுலயா? இரு, நானும் அங்கதான் போறேன். சேந்தே போவோம்."

பஸ்ஸில் வழி முழுவதும் நான் அந்த நிச்சயதார்த்தத்தை நடத்திக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண்ணுக்கு எத்தனை அண்ணன்கள், சாப்பாட்டில் என்னென்ன வகை. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பாந்த்ராவில் இறங்கினோம். நான் திரும்பிய பக்கமே அவரும் திரும்பினார். நான் நின்ற வாசலிலேயே அவரும் நின்றார். அங்கே இருந்தவர் என்னைத் தாண்டி அவர் கையைப் பிடித்து, ஏழு நிறக் காகிதப் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "அங்கிள், லேட்" என்றார்.

அண்ணாச்சி என்னிடம் திரும்பி, "நிச்சயதார்த்தம் எந்த மாடி தம்பி?" என்று கேட்டார்.

கிண்டலுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குக் கிண்டல் வராது என்பதால் நிஜமாகத்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, நீங்களுமா?" என்றேன்.

"ஆமா. நீயுமா?"

"ஆமா" என்றேன். அந்த ஒரு சொல்லை அதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் "சரி, வா" என்று படியேறிவிட்டார்.

மேலே இருநூறு பேர் இருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், வங்கி அதிகாரி மாதிரி இருந்தவர்கள், தாடி வைத்துப் பொட்டு வைத்தவர்கள். முக்கால்வாசிப் பேருக்கு அண்ணாச்சியைத் தெரிந்திருந்தது. மேடையில் ஆட இருந்தவர் பச்சைப் புடவையில் ஆறடி உயரத்துக்கு வந்து அவரைக் கட்டிக்கொண்டார். புடவை முழுக்க அண்ணாச்சி கடைச் சமிக்கி. "எப்படி இருக்கேன்?" என்று சுற்றிக் காட்டினார். "இடுப்புல ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார் அண்ணாச்சி.

நான் சுவரோரமாகப் போய் நின்றேன். முப்பது இசை நாடகங்களின் நடன அசைவுகள் எனக்குத் தெரியும். எந்தப் பாட்டில் எந்தக் கால் முன்னால் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அங்கே என் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொண்டன. காலரிலிருந்து சமிக்கி ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. பச்சைப் புடவைக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்தபோது, முட்டி வலி என்றேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு. நேத்துக்கூட மூணு மாடி ஏறினான்" என்றார் அண்ணாச்சி.

ஆடினேன். எப்படி ஆடினேன் என்பதை விவரிக்க வேண்டாம். அண்ணாச்சி என்னைவிட மோசம். கடையில் லேஸ் அளப்பதுபோல இரண்டு கையையும் நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், எந்தப் பாட்டுக்கும் அந்த ஒரே ஆட்டம். யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

என்னை விட்டு இரண்டு ஆள் தள்ளி, என் வயதுக்காரர் இருவர் ஆடிக் களைத்து நின்றார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்து மற்றவரின் பின்கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு, மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். மேடையில் எத்தனையோ காதல் காட்சி பார்த்திருக்கிறேன். இதற்கு யாரும் பாடவில்லை, விளக்கும் போடவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டையை எடுக்கத் தோன்றவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் புதன்கிழமை நான் கோபர்கைரனேக்குப் போனேன் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அம்மாவிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது. மறுக்க ஒரு போன் போதும். அந்தப் போனைச் செய்வதைவிட இரண்டு ரயில் மாறிப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது. போகும்போது அண்ணாச்சி ஒன்று மட்டும் கேட்டார்.

"அங்க என்ன சொல்லப் போற?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊருக்குப் போயி ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிருவேன்."

மூன்றாவது மாடி வீடு. அப்பா துறைமுகத்தில் சரக்குப் போக்குவரத்து வேலை. அம்மா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். பெண் வாஷியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இந்தியும் தமிழும் கலந்து, தலை குனியாமல் பேசினாள். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள். நான் நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கப்பல் கவிழ்ந்ததைக் கையால் கவிழ்த்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். அவள் அப்பாவும் சிரித்தார். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மாப்பிள்ளை வேடத்தை நான் ரசித்துச் செய்தேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க பாம்பே ஷிஃப்ட் ஆவீங்களா? எனக்கு இந்த ஜாப் விட இஷ்டம் இல்ல" என்று அவள் கேட்டாள்.

"கட்டாயம்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவள் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதைக்காக அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க கூட வச்சிருந்து பாத்துருக்கீங்க. பையனப் பத்தி என்ன சொல்லுதீங்க?"

அண்ணாச்சி கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நல்ல பையன். உங்க பொண்ணுக்கு ஆக மாட்டான்."

"ஏன்?" என்றார் அவள் அப்பா.

"அத அவன்தான் சொல்லணும். அவன்கிட்டக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நடிகனுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: "எனக்குச் சுகர் இருக்கு."

அவள் அம்மா எழுந்து வந்து என் முன்னால் இருந்த கேசரியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பேச்சு மருந்து, பாகற்காய், நடைப்பயிற்சி என்று போய் முடிந்தது. செருப்பு மாட்டும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்து, யாருக்கும் கேட்காமல், "சுகர் உண்மையா?" என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவளிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

ரயிலில் ஏறியதும் அண்ணாச்சி மேல் பாய்ந்தேன்.

"உங்களுக்கு என்ன அண்ணாச்சி. தனி ஆளு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். என் இடத்துல நின்னு பாத்தாத் தெரியும்."

"நின்னுருக்கேன்."

"எங்க?"

"என் நிச்சயதார்த்தத்துல. தட்டு மாத்தப் போறாங்க. பொண்ணோட அப்பா, மாப்பிள்ளைக்குச் சம்மதந்தானான்னு கேட்டாரு. இல்ல மாமான்னேன்."

"அது பேருக்குக் கேக்குறது அண்ணாச்சி. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க."

"எனக்குத் தெரியல. கேட்டாரு. சொன்னேன்."

ரயில் கழிமுகப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே தண்ணீரைப் பார்த்தபடி அவரே தொடர்ந்தார். அன்றைக்கே தம்பிகள் வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் அம்மா இறந்தபோது தகவல் சொல்லவில்லை. பதினாறாம் நாள் கழிந்த பிறகு கடைக்கு ஜிப் வாங்க வந்த ஓர் ஊர்க்காரர் சொல்லித் தெரிந்ததாம்.

"அன்னைக்கு ஆமான்னு சொல்லிருக்கலாம்னு தோணலையா?" என்று கேட்டேன். தோன்றவில்லை என்று சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம் என்று இருந்தேன்.

"தோணிச்சு. அம்மா செத்ததக் கேட்டப்ப ரொம்பத் தோணிச்சு" என்றார்.

பதில் இல்லாதபோது கோபப்படுவது என் சுபாவம். செம்பூரில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் காலை இட்லி, மதியம் இட்லி என்று தின்றுகொண்டு, அவர் வந்து சமாதானம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. கோபமாகப் போனவன் கோபமாக இருக்கிறான் என்று நினைத்து விட்டிருப்பார்.

சனிக்கிழமை தாதரில் மராத்தி சங்கீத நாடகம். டிக்கெட்டுகளை முதலிலேயே அடுத்தடுத்த இருக்கையாக அவர் வாங்கிக் கொடுத்திருந்ததால் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. "சாப்ட்டியா?" என்றார். "சாப்ட்டேன்" என்றேன். இரண்டாவது அங்கத்தில், வயதான பாடகர் ஒருவர் பிரிவைப் பாடியபோது அண்ணாச்சி வாய்விட்டு அழுதார். விசும்பல் சத்தம் நாலு வரிசைக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். நான் இந்தத் தடவை தள்ளி உட்காரவில்லை. என் நினைவில் பெருமைப்படும்படி நான் செய்தது அது ஒன்றுதான். இடத்தை விட்டு அசையாமல் இருந்ததைச் சாதனையாகச் சொல்கிற ஆள் நான். மறுநாள் ரயிலேற்றிவிட அவரே வந்தார்.

ஊருக்குத் திரும்பினால், எனக்கு முன்னால் சுகர் வந்து சேர்ந்திருந்தது. கோபர்கைரனேயிலிருந்து அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்கள். பையை இறக்கி வைப்பதற்குள் அம்மா என்னைப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துப் போனார். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு ஒன்று. வெந்தயம் ஊறவைத்தார். மாலையில் அறிக்கை வந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு வருந்தி ஓர் ஆரோக்கிய அறிக்கையை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இல்லாத நோய எதுக்குய்யா இருக்குன்னு சொன்ன?"

புதிதாக ஒரு பொய்யைத் தேடினேன். வாய்வரை ஒன்று வந்தது. அது என்ன என்றுகூட இப்போது ஞாபகமில்லை. அம்மா சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பதில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டார். சொல்லிவிட்டேன். அண்ணாச்சி மாதிரி ஒரே வரியில் வரவில்லை. சுற்றி வளைத்து, உளறி, நடுவில் நாடகத்தையும் அண்ணாச்சியையும் இழுத்து, அரை மணி நேரம் பிடித்தது.

மூன்று வாரம் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சாப்பாடு இருக்கும், எதிரில் ஆள் இருக்காது. பிறகு ஒரு மத்தியானம், நான் உள்ளறையில் இருந்தபோது, அம்மா கூடத்தில் உட்கார்ந்து போன் போட்டார். காது மந்தம் என்பதால் அம்மாவும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கக்கா" என்றது அண்ணாச்சி குரல்.

"எங்க பயலும் உன்ன மாதிரின்னு சொல்லுதான். நீ அங்கன தனியா, இத்தன வருசமா… சந்தோசமா இருக்கியா?"

யாரோ இந்தியில் பட்டன் கேட்பதும், அவர் இருக்கச் சொல்வதும் கேட்டன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஒரு தடவை மட்டும் பொய் சொல்லுங்கள் அண்ணாச்சி, ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டேன்.

"யோசிச்சுப் பாத்தேன்க்கா. வாரத்துல நாலு நாளு இருக்கேன்."

"மத்த மூணு நாளு?"

"கடையத் தொறந்து வச்சிட்டு உக்காந்துருப்பேன்."

அம்மா "சரி, வைக்கேன்" என்று போனை வைத்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நான் மெல்ல வெளியே வந்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நாலு நாளாம்ல" என்றார். பிறகு, அப்பா படம் இருந்த சுவரைப் பார்க்காமல், "ஒங்கப்பாகூட இருந்த முப்பது வருசத்துல எனக்கு அதுல பாதி அமையல" என்றார்.